கிரீன்லா: ஸ்காட்லாந்தின் ஒரு பழைய கவுண்டித் தலைநகர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்விக்‌ஷயர் என்ற பழைய கவுண்டிக்குத் தலைநகராக இருந்து, அந்தப் பட்டத்தைப் பறிகொடுத்த ஊர் கிரீன்லா. ஊர் சின்னது, கட்டடங்கள் பெரியவை. அதனால் அந்த வழியாகப் போகிறவர்களுக்கெல்லாம் ஏகப்பட்ட சந்தேகங்கள் வருகின்றன. அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

கிரீன்லா எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு மூலையில், இங்கிலாந்து எல்லைக்குப் பக்கத்தில். லாமர்மியூர் குன்றுகளின் அடிவாரத்தில் பிளாக்கேடர் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. ஏ697 நெடுஞ்சாலை ஊருக்கு நடுவே போகிறது. காரில் போகிறவர்கள் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குள் கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்களும் குவிமாடமுமாக ஒரு கட்டடம் கண்ணில் படும். இந்த ஊருக்கு இது எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு.

கவுண்டித் தலைநகர் என்றால் என்ன? அங்கே என்ன நடக்கும்?

ஏறக்குறைய மாவட்டத் தலைநகர் என்று வைத்துக்கொள்ளலாம். 1975க்கு முன் ஸ்காட்லாந்தில் 33 கவுண்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஷெரிஃப் நீதிமன்றம், சிறை, ஆவணங்கள், நிலவுடைமையாளர்கள் கூடி வரி போடும் கூட்டம் எல்லாம் பொதுவாக ஒரே ஊரில் இருக்கும்.

ஷெரிஃப் என்றதும் இடுப்பில் துப்பாக்கியோடு குதிரையில் வருகிற அமெரிக்கப் படத்து ஆளை நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் என்பவர் நீதிபதி. இன்றும் அந்த நாட்டின் பெரும்பாலான வழக்குகள் ஷெரிஃப் நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. நீதிமன்றம் கூடும் நாளில் வக்கீல்கள், சாட்சிகள், கட்சிக்காரர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் என ஊர் நிரம்பும், விடுதிக்காரருக்கும் கடைக்காரருக்கும் நல்ல வியாபாரம். தலைநகர் பட்டத்துக்காக ஊர்கள் அடித்துக்கொண்டதற்குக் கௌரவம் பாதிக் காரணம் என்றால் இந்த வரும்படி மீதிக் காரணம்.

பெர்விக்‌ஷயர் என்று பெயரை வைத்துக்கொண்டு, பெர்விக்கை ஏன் தலைநகராக வைக்கவில்லை?

பெர்விக் வேறு நாட்டுக்குப் போய்விட்டது, அதனால்தான்.

ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் பெர்விக் ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தின் பணக்காரத் துறைமுகங்களில் ஒன்று. 1296ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அதைச் சூறையாடிக் கைப்பற்றினார். அதிலிருந்து ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் அந்த ஊரை மாற்றி மாற்றிப் பிடித்தன. கடைசியாக 1482ல் குளோஸ்டர் கோமகன் ரிச்சர்ட் (அடுத்த வருடமே மூன்றாம் ரிச்சர்டாக முடிசூடியவர்) பிடித்தது பிடித்ததுதான், பெர்விக் இங்கிலாந்தோடு நின்றுவிட்டது. அதைச் சுற்றியிருந்த கிராமப்புறமும் பெர்விக்‌ஷயர் என்ற பெயரும் மட்டும் ஸ்காட்லாந்தில் தங்கின.

இன்னொரு வேடிக்கை: பெர்விக் ரேஞ்சர்ஸ் என்ற அந்த ஊர்க் கால்பந்து அணி இன்றைக்கும் ஸ்காட்லாந்துப் போட்டிகளில்தான் ஆடுகிறது.

அப்புறம் தலைநகர் எந்த ஊருக்குப் போனது?

ஒரே ஊருக்குப் போயிருந்தால் இந்தப் பக்கமே தேவைப்பட்டிருக்காது. முதலில் டன்ஸ், லாடர் போன்ற ஊர்களில் வசதிப்படி வேலை நடந்தது. 1596ல் கிரீன்லாவைத் தலைநகராக்கினார்கள். 1661ல் அது டன்ஸுக்குப் போனது. 1690களின் கடைசியில் மறுபடி கிரீன்லா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி டன்ஸ். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பகை என்பது எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

1690களில் கிரீன்லாவுக்குத் திரும்பி வந்தது எப்படி?

ஊருக்கு வாய்த்த பிரபுவின் செல்வாக்கால். அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பெயர் சர் பாட்ரிக் ஹியூம். கிரீன்லாவுக்குப் பக்கத்தில் போல்வர்த் என்ற கிராமத்துக்காரர், கிரீன்லாவும் அவருடைய ஜமீனில் சேர்ந்தது. இரண்டாம் சார்லஸ் ஆட்சியில் அரசை எதிர்த்துப் பேசி வருடக்கணக்கில் சிறையில் இருந்தவர். 1683ல் மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாகச் சொல்லி ஆட்களைப் பிடித்தபோது, அவருடைய நண்பர் ராபர்ட் பெய்லியும் சிக்கினார். 1684 டிசம்பரில் அவரைத் தூக்கில் போட்டார்கள். தேடுகிறவர்கள் தன் பக்கமும் வருவார்கள் என்று தெரிந்த ஹியூம், போல்வர்த் தேவாலயத்துக்கு அடியில் இருந்த தன் குடும்பக் கல்லறை நிலவறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். முன்னோர்களின் எலும்புகளோடு சுமார் ஒரு மாதம்.

அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனது மகள் கிரிசெல். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண் தினமும் நள்ளிரவில் தனியாகக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிப் போய்வந்தாள். வேலைக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்பதால், சாப்பாட்டு மேஜையில் தன் தட்டிலிருந்தே யாரும் பார்க்காதபோது எடுத்து மடியில் ஒளித்துக்கொள்வாளாம். ஒருநாள் ஆட்டுத்தலை சமைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் சூப்பைக் குடித்து நிமிர்வதற்குள் முழுத் தலையையும் காணோம். நாங்கள் சூப் குடிப்பதற்குள் கிரிசெல் தலையையே தின்றுவிட்டாள் என்று தம்பி கத்திய கதை அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டது. (பிற்பாடு அவள் தூக்கில் போடப்பட்ட பெய்லியின் மகனையே மணந்துகொண்டாள். அவள் எழுதி வைத்த வீட்டுக் கணக்குப் புத்தகம் அந்தக் காலத்து வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வரலாற்றாசிரியர்களுக்குப் பெரிய உதவி.)

ஹியூம் ஹாலந்துக்குத் தப்பினார். 1685ல் ஆர்கைல் பிரபு நடத்திய கலகத்தில் சேர்ந்து தோற்று, மறுபடி ஓடினார். 1688ல் ஹாலந்திலிருந்து ஆரஞ்சு இளவரசர் வில்லியம் (பிற்பாடு மன்னரானவர்) படையோடு இங்கிலாந்துக்கு வந்தபோது அவரோடு வந்தார். அதோடு சக்கரம் சுழன்றது. 1696ல் ஸ்காட்லாந்தின் லார்ட் சான்சலர், 1697ல் மார்ச்மான்ட் பிரபு. நாட்டிலேயே மிகப் பெரிய பதவியில் உட்கார்ந்திருப்பவர் தன் ஜமீன் ஊருக்குத் தலைநகர் பட்டம் கேட்டால் யார் மறுப்பார்கள்? டன்ஸைவிட கிரீன்லா பெரிய ஊர் என்றோ வசதியான ஊர் என்றோ யாரும் சொல்ல முடியாது.

தேவாலயத்தோடு ஒட்டி நிற்கும் கோபுரம் மணிக்கோபுரம்தானே?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது சிறை.

தேவாலயம் 1675ல் திருத்திக் கட்டியது. தலைநகர் பட்டம் திரும்பிய பிறகு, 1712ல், அதன் மேற்குப் பக்கம் இந்தச் சதுரக் கோபுரத்தை எழுப்பினார்கள். கோபுரத்துக்கு அந்தப் பக்கம் நீதிமன்றம். அதாவது தேவாலயம், சிறை, நீதிமன்றம் மூன்றும் ஒரே வரிசையில் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. தண்டனை சொல்லும் இடத்துக்கும் அதை அனுபவிக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். இந்த அமைப்பைக் கிண்டல் செய்து உள்ளூரில் ஈரடிப் பாட்டு ஒன்று உண்டு. ஒரு பக்கம் வேதம், ஒரு பக்கம் சட்டம், இரண்டுக்கும் இடுக்கில் நரகத்தின் பொந்து என்பது அதன் பொருள். எழுதினவர் யாரென்று தெரியாது. உள்ளே இருந்த யாராவது பாடியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஸ்காட்லாந்து ஊர்களில் இதற்கென்றே டோல்பூத் என்று ஒரு வகைக் கட்டடம் இருந்தது. சந்தைச் சுங்கம் வாங்குவது, மன்றம் கூடுவது, கைதிகளை அடைப்பது எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும். கிரீன்லா கோபுரம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, தேவாலயத்தின் தோளில் சாய்ந்திருப்பதுதான் இதன் தனித்தன்மை. கீழ்வாசலில் இரும்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த கனத்த கதவு இருக்கிறது. மணி அடிக்கிற ஆளுக்கு அப்படிப்பட்ட கதவு தேவைப்படாது.

1820களில் வேறு சிறை வந்தது, பிறகு வேறு நீதிமன்றமும் வந்தது. பழைய நீதிமன்றத்தை இடித்துவிட்டார்கள். கோபுரம் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி தேவாலயத்தோடு சேர்ந்துவிட்டது.

கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல்தூண் என்ன?

சந்தைத் தூண். ஸ்காட்லாந்தில் மெர்கட் கிராஸ் என்பார்கள். சந்தை நடத்த உரிமை பெற்ற ஊரின் நடுவே இப்படி ஒன்று நிற்கும். அரச ஆணைகளை வாசிப்பது அங்கேதான்.

கிரீன்லாவின் தூணை நிறுத்தியவர் நம் பாட்ரிக் ஹியூம்தான். உச்சியில் மார்ச்மான்ட் குடும்பச் சின்னத்தைத் தாங்கிய சிங்கம் இருந்தது. 1829ல் புதிய கவுண்டி மண்டபம் கட்ட இடம் வேண்டும் என்று தூணைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1881ல், தேவாலயக் கோபுரத்தின் அடித்தளத்தில் கிடந்த தூணை யாரோ கண்டெடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இப்போதைய இடத்தில் நிறுத்தினார்கள். சிங்கம் போனது போனதுதான்.

அந்தக் குவிமாடம் வைத்த மண்டபம் எப்போது கட்டியது? யார் பணம்?

1829க்கும் 1831க்கும் இடையில் கட்டியது. இன்று டவுன் ஹால் என்கிறார்கள், அன்று அதன் பெயர் கவுண்டி ஹால். நீதிமன்றம், கவுண்டிக் கூட்டம், ஆவண அறை எல்லாவற்றையும் அங்கே கொண்டுவருவது திட்டம். செலவை ஏற்றவர் சர் வில்லியம் பர்வஸ் ஹியூம் கேம்பல், மார்ச்மான்ட் சொத்துக்கு வாரிசாக வந்தவர். பட்டத்தை வாங்கித் தந்ததும் அந்தக் குடும்பம், பட்டத்துக்கு ஏற்ற வீடு கட்டித் தந்ததும் அந்தக் குடும்பம்.

வடிவமைத்தவர் ஜான் கன்னிங்ஹாம். கிரேக்க பாணி அன்று எடின்பரோவில் உச்சத்தில் இருந்தது, அதைக் கிராமத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். முகப்பில் அயோனியத் தூண்கள் (உச்சியில் சுருள் வைத்த கிரேக்கத் தூண்கள்), நுழைவுக்கூடத்துக்கு மேல் குவிமாடம், இரண்டு பக்கமும் சமமாக நீளும் கூடங்கள். கன்னிங்ஹாம் பிற்பாடு லிவர்பூலுக்குப் போய்ப் பெயர் வாங்கினார். 1849ல் அங்கே திறந்த பில்ஹார்மானிக் இசையரங்கம் அவருடையது, 1933ல் தீக்கு இரையாகிவிட்டது. இன்று அவருடைய வேலையைப் பார்க்க விரும்பினால் கிரீன்லாவுக்குத்தான் வர வேண்டும் என்பேன்.

தேவைக்கு மிஞ்சிய அளவு என்று இந்தக் கட்டடத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1816லேயே டன்ஸ்காரர்கள் தங்கள் சந்தைத் திடலில் ஊசிக்கூம்பு வைத்த ஒரு டவுன் ஹவுஸைக் கட்டி முடித்திருந்தார்கள். வடிவமைத்தவர் ஜேம்ஸ் கில்லெஸ்பி கிரஹாம், அன்றைய பெரிய பெயர்களில் ஒன்று. எதிரி ஊர் அப்படி ஒரு காயை நகர்த்தியிருக்கும்போது, கிரீன்லா சும்மா ஒரு கூடத்தைக் கட்டி உட்கார்ந்திருக்க முடியுமா? தலைநகரை இனி நகர்த்த முடியாது என்று கல்லில் சொல்லத்தான் அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள் என்பது என் கணிப்பு.

அப்படிக் கட்டியும் பட்டம் ஏன் போனது?

இருபது வருடத்துக்குள் உலகம் மாறிவிட்டது. 1849ல் டன்ஸுக்கு ரயில் வந்தது: கிழக்குக் கடற்கரைப் பிரதான பாதையில் ரெஸ்டன் என்ற இடத்திலிருந்து ஒரு கிளைப்பாதை. கிரீன்லாவுக்கு ரயில் வர 1863 ஆனது. வக்கீலும் சாட்சியும் ரயிலில் டன்ஸ் வரை சுகமாக வந்து, அங்கிருந்து குதிரை வண்டி பிடித்து கிரீன்லா போக வேண்டும் என்றால் முணுமுணுப்பு வராமலா இருக்கும்? 1853ல் டன்ஸிலும் ஷெரிஃப் நீதிமன்றம் கூடலாம் என்று சட்டம் வந்தது. உடனே டன்ஸ் தனக்கென நீதிமன்றக் கட்டடம் கட்டிக்கொண்டது. கிரீன்லாவில் குவிமாடத்துக்குக் கீழே வேலை குறைந்துகொண்டே போனது.

1889ல் போட்ட சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி மன்றங்கள் வந்தபோது, ஒரு பிரபு குடும்பத்தின் சொல்லுக்கு முன்பிருந்த கனம் இல்லை. 1903ல் இதற்கென்றே ஒரு தனிச் சட்டம் போட்டு, பெர்விக்‌ஷயரின் தலைநகர் டன்ஸ் என்று நாடாளுமன்றம் அறிவித்தது. ஒரு ஊருக்குப் பட்டம் மாற்ற லண்டனில் தனிச் சட்டம்!

பட்டம் போன பிறகு மண்டபம் என்ன ஆனது?

பெரிய கட்டடம், சின்ன ஊர். வைத்துக்கொள்ளவும் முடியாது, விடவும் முடியாது. கிடைத்த வேலைக்கெல்லாம் பயன்பட்டது. 1970களில் உள்ளே நீச்சல்குளமே அமைத்தார்கள். கேட்டதும் சிரிப்பு வரலாம், ஆனால் ஊர்ப் பிள்ளைகள் நீந்தினார்கள், அதுவும் பொதுப்பணிதானே. அப்புறம் பழம்பொருள் விற்பனைக்கூடம், அதன்பின் பூட்டு. கூரை ஒழுகத் தொடங்கியது.

2006ல் பிபிசி நடத்திய ரெஸ்டோரேஷன் நிகழ்ச்சியில் அழியும் நிலையில் இருக்கும் கட்டடங்கள் மக்கள் வாக்குக்குப் போட்டியிட்டன. கிரீன்லா மண்டபமும் களத்தில் இருந்தது. வென்றதோ இங்கிலாந்தில் ஒரு பழைய கொல்லர், வண்டிச்சக்கரப் பட்டறை. (அதே போட்டியில் குரோமார்ட்டி ஊரின் கிழக்குத் தேவாலயமும் இருந்தது. குரோமார்ட்டியும் பட்டம் இழந்த கவுண்டித் தலைநகர்தான்.) பரிசு கிடைக்காவிட்டாலும் தொலைக்காட்சியில் வந்ததில் கட்டடத்தின் மேல் வெளிச்சம் விழுந்தது. வேறு வழிகளில் நிதி திரட்டி, ஒரு பாரம்பரியக் கட்டட அறக்கட்டளை அதைப் பழுதுபார்த்தது. 2011ல் மறுபடி திறந்தார்கள். ஸ்காட்லாந்தின் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலான ஏ பிரிவில் இருக்கிறது, இனி யாரும் நீச்சல்குளம் வெட்ட முடியாது.

வென்ற டன்ஸில் பார்க்க என்ன மிச்சம்?

கில்லெஸ்பி கிரஹாமின் டவுன் ஹவுஸ் இல்லை. 1966ல் இடித்துவிட்டார்கள். தோற்ற ஊரின் மண்டபம் நிற்கிறது, ஜெயித்த ஊரின் மண்டபம் போய்விட்டது. அதைவிட வேடிக்கை அங்கிருந்த சந்தைத் தூண். 1816ல் டவுன் ஹவுஸுக்கு இடம் விட அதை அகற்றினார்கள், 1897ல் பூங்காவில் நிறுத்தினார்கள், 1994ல் திடலுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். தன்னை விரட்டிய கட்டடம் போன பிறகும் தூண் இருக்கிறது.

டன்ஸ் வேறு விஷயங்களுக்குப் பெயர் போனது. இடைக்காலத் தத்துவ அறிஞர் டன்ஸ் ஸ்கோட்டஸ் அந்த ஊர்க்காரர் என்பார்கள். 1639ல் முதலாம் சார்லஸுக்கு எதிராக அலெக்சாண்டர் லெஸ்லி தலைமையில் திரண்ட உடன்படிக்கைப் படை (மன்னரின் மதக் கொள்கையை எதிர்த்து உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஸ்காட்லாந்துக்காரர்களின் படை) முகாமிட்டது ஊருக்குப் பின்னால் இருக்கும் டன்ஸ் லா குன்றில். 1963லும் 1965லும் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனான ஜிம் கிளார்க்குக்கு அங்கே அருங்காட்சியகம் உண்டு. பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவர், 1968ல் ஜெர்மனியில் பந்தய ஓட்டத்தில் இறந்தார்.

இன்று பெர்விக்‌ஷயர் இருக்கிறதா? அதன் தலைநகர் எது?

நிர்வாகக் கணக்கில் இல்லை. 1975 மே மாதம் ஸ்காட்லாந்தின் கவுண்டி மன்றங்கள் எல்லாவற்றையும் கலைத்தார்கள். பெர்விக்‌ஷயர், பார்டர்ஸ் என்ற பெரிய வட்டாரத்துக்குள் ஒரு மாவட்டமாகச் சுருங்கியது. வட்டாரத்தின் தலைமையகம் நியூட்டவுன் செயின்ட் பாஸ்வெல்ஸ் என்ற கிராமத்துக்குப் போனது. 1996ல் மாவட்டமும் ஒழிந்தது. டன்ஸ் ஷெரிஃப் நீதிமன்றம் 2015 ஜனவரியோடு மூடப்பட்டு, வழக்குகள் ஜெட்பரோவுக்குப் போயின. அதே காலத்தில் ஹாடிங்டன், பீபிள்ஸ், கூப்பர், டிங்வால், டோர்னாக் என்று பல பழைய தலைநகர்கள் நீதிமன்றத்தை இழந்தன. மன்னரின் பிரதிநிதியான லார்ட் லெஃப்டினென்ட் என்ற கௌரவப் பதவி மட்டும் பெர்விக்‌ஷயர் பெயரில் தொடர்கிறது.

பெர்விக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். 1750களில் கட்டிய பெர்விக் டவுன் ஹாலுக்கு உயரமான ஊசிக்கூம்பு உண்டு. வருகிறவர்கள் அதைத் தேவாலயம் என்றே நினைப்பார்கள். அதன் மேல்மாடி முழுக்கச் சிறை, அறைகளை இன்றும் பார்க்கலாம். ஊரின் உண்மையான பங்குத் தேவாலயத்துக்குக் கோபுரமே இல்லை, வழிபாட்டுக்கு மணி டவுன் ஹாலிலிருந்துதான் அடிக்கிறது. நாடு மாறினாலும் சிறைக்குக் கோபுர வேஷம் போடும் பழக்கம் மாறவில்லை.

எப்படிப் போவது?

கிரீன்லாவுக்கு ரயில் இல்லை. 1948 ஆகஸ்ட் வெள்ளம் டன்ஸுக்கும் கிரீன்லாவுக்கும் நடுவே பாதையை அரித்துக்கொண்டு போனது, அந்தத் துண்டை மறுபடி போடவே இல்லை. 1951ல் டன்ஸின் பயணி ரயிலும் நின்றது. 1964ல் மூடிய ரெஸ்டன் நிலையத்தை மட்டும் 2022ல் திரும்பத் திறந்திருக்கிறார்கள். பெர்விக்கில் இறங்கி அந்த டவுன் ஹாலைப் பார்த்துவிட்டு, சாலை வழியாக டன்ஸ், அங்கிருந்து கிரீன்லா என்று போவது என் யோசனை. கையில் நேரம் இருந்தால் கிரீன்லாவுக்குத் தெற்கே ஹியூம் கோட்டைக் குன்றிலும் ஏறிவிடுங்கள். நெப்போலியன் காலத்தில், 1804 ஜனவரி 31 இரவு, அங்கே காவலில் இருந்தவர் தூரத்துக் குன்றில் கரி சுடும் நெருப்பைப் பார்த்து பிரெஞ்சுப் படை வந்துவிட்டது என்று எச்சரிக்கைத் தீயை மூட்ட, எல்லைப்புறமே ஆயுதத்தோடு திரண்டுவிட்டது.